நீண்ட நேர டைவுக்கும் கடலடிப் படங்களுக்கும் ஸ்கூபா கருவிகளை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

ஸ்கூபாவின் முதல் நிலைப் பயிற்சிக்கான ஓபன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்து, சில முறை கடலுக்குள் போய் வந்ததும் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஆசைகள் சேர்ந்தே பிறக்கின்றன. இன்னும் கொஞ்ச நேரம் கீழே இருக்க வேண்டும். கண்டதைப் படமாக எடுத்துவர வேண்டும். உடனே கேமரா தேடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த வரிசையில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் கேமரா என்பது என் உறுதியான கருத்து. கடலடியில் நல்ல படம் எடுப்பவர், முதலில் ஓரிடத்தில் அசையாமல் மிதக்கத் தெரிந்தவர். மூச்சு, எடை, உடல் கிடக்கும் கோணம் ஆகிய மூன்றும் கைவந்த பிறகுதான் கேமராவைக் கவனிக்க மனத்தில் இடம் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு கருவியையும் ஒரே கேள்வியால் எடைபோடுங்கள்: இது என்னை இன்னும் அமைதியாக, இன்னும் அதிக நேரம் ஓரிடத்தில் நிற்க வைக்குமா?

இங்கே சொல்வதெல்லாம் நம்மவர்கள் அதிகம் போகும் வெதுவெதுப்பான கடல்களை மனத்தில் வைத்து எழுதியது: அந்தமானின் ஹேவ்லாக் (2018 முதல் அரசுப் பெயர் ஸ்வராஜ் த்வீப்), புதுச்சேரி, இலங்கையின் திருகோணமலை. நீரின் வெப்பம் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை செல்சியஸ். குளிர்க்கடலுக்கான, உடல் நனையாத டிரை சூட், உறைபனி தாங்கும் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவி) ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் படி: உங்கள் மூச்சை அளந்துகொள்ளுங்கள்

நீண்ட டைவுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறீர்கள் என்பதைத்தான். பலருக்கு அது தெரிவதில்லை. ஆனால் அளப்பது எளிது. மணல் தரையுள்ள ஓர் இடத்தில், 10 மீட்டர் ஆழத்தில், நிதானமாக 10 நிமிடம் நீந்துங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அழுத்தமானியைப் பார்த்துச் சிலேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

36 பார் (அழுத்தத்தின் அலகு) குறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டைவ் மையங்கள் வழக்கமாகத் தருவது 80 கன அடி அலுமினிய சிலிண்டர். அதன் உள்கொள்ளளவு 11.1 லிட்டர். 36-ஐ 11.1-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 400 லிட்டர். 10 நிமிடத்துக்கு 400 என்றால் நிமிடத்துக்கு 40. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு; ஆகவே அதைப் பாதியாக்குங்கள். மேற்பரப்புக் கணக்கில் உங்கள் செலவு நிமிடத்துக்கு 20 லிட்டர். புதியவர்களிடம் இது சாதாரணமாகக் காணப்படும் அளவு. பழகியவர்கள் பலர் 15-க்கு அருகில் வந்துவிடுகிறார்கள்.

இந்த எண் கையில் இருந்தால் டைவின் நீளத்தை வீட்டிலேயே கணக்கிடலாம். 200 பார் நிரப்பிய சிலிண்டரில் சுமார் 2,220 லிட்டர் காற்று இருக்கிறது. 50 பாராவது மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்பதால் செலவழிக்கக் கிடைப்பது சுமார் 1,665 லிட்டர். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 56 லிட்டர் செலவழிப்பார். அரை மணி நேரத்தில் டைவ் முடிந்துவிடும். 15 லிட்டர் இழுப்பவருக்கு அதே சிலிண்டர் 40 நிமிடம் வரும். 12 மீட்டருக்கு ஏறிவந்தால் 50 நிமிடம் கிடைக்கும்.

மூச்சு அமைதியாவதாலும் ஆழம் குறைவதாலும் கிடைத்த இந்த 20 நிமிடத்துக்கு ஒரு காசும் செலவில்லை. பவளப் பாறைகளில் வண்ணமும் உயிர்களும் மிகுந்திருப்பது பெரும்பாலும் இந்த மேல் அடுக்கில்தான். படம் எடுக்க ஆசைப்படுபவர் ஆழத்தைத் துரத்த வேண்டியதே இல்லை.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றை மிச்சப்படுத்துகிறேன் என்று மூச்சைப் பிடித்து வைத்துப் பழகாதீர்கள். கரியமில வாயு உடலில் சேர்ந்து தலைவலியையும் பதற்றத்தையும் தரும். மூச்சைப் பிடித்தபடி மேலே ஏறினால் நுரையீரலே கிழியலாம். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக முழுவதும் விடுங்கள். கைகளை மார்போடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைகளை அடித்து நீந்துவதுதான் புதியவர்கள் காற்றை வீணாக்கும் முதல் வழி.

இரண்டாம் படி: சிலிண்டரும் நைட்ராக்ஸும்

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) எடுத்தால் அதிக நேரம் இருக்கலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. 32 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸில் நைட்ரஜன் குறைவு. அதனால் உடலில் நைட்ரஜன் சேரும் வேகமும் குறைவு. டைவ் பயிற்சி தரும் பாடி (PADI) நிறுவனத்தின் அட்டவணைப்படி, 18 மீட்டரில் சாதாரணக் காற்றோடு நிறுத்தமில்லாமல் மேலேறக்கூடிய கால வரம்பு 56 நிமிடம். 32 விழுக்காடு நைட்ராக்ஸில் 95 நிமிடம். ஆனால் சிலிண்டரில் உள்ள வாயுவின் அளவு கூடுவதில்லை. அரை மணி நேரத்தில் சிலிண்டரைக் காலி செய்பவருக்கு 56-உம் ஒன்றுதான், 95-உம் ஒன்றுதான்.

நைட்ராக்ஸ் பயன்படும் இடம் வேறு. ஒரே நாளில் இரண்டு, மூன்று டைவ் செய்யும்போது முந்தைய டைவின் நைட்ரஜன் உடலில் மிச்சமிருக்கும். இரண்டாவது டைவின் வரம்பு வெகுவாகச் சுருங்கும். அப்போது நைட்ராக்ஸ் கைகொடுக்கும். 20 மீட்டரைத் தாண்டிய இடங்களிலும் அப்படியே. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. ஒரே நாளில் முடிந்துவிடும். சிலிண்டரில் உள்ள ஆக்சிஜன் விழுக்காட்டை நீங்களே மீட்டர் வைத்து அளந்து, கம்ப்யூட்டரில் பதிந்து, கையெழுத்திட்ட பிறகே எடுத்துச்செல்ல வேண்டும். 32 விழுக்காட்டுக் கலவைக்கு ஆழ எல்லை சுமார் 33 மீட்டர். அதற்குக் கீழே போனால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம். நீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது அரிது.

உண்மையிலேயே வாயு போதவில்லை என்றால் பெரிய சிலிண்டர்தான் நேரான தீர்வு. 15 லிட்டர் எஃகு சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் 3,000 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர்கூட 18 மீட்டரில் 40 நிமிடம் இருக்கலாம். சிலிண்டரை விலைக்கு வாங்க வேண்டாம். விமானத்தில் கொண்டுபோவது பெரும் தொல்லை. கால முறைப்படி அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். முன்பதிவு செய்யும்போதே 12 அல்லது 15 லிட்டர் சிலிண்டர் உண்டா, நைட்ராக்ஸ் உண்டா என்று மையத்திடம் கேளுங்கள். எல்லா இடங்களிலும் இருப்பதில்லை. தீவுக்குப் போய் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

நீண்ட நேரம் என்பதை ஆழத்தோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. மட்டக்களப்புக்கு அருகே 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் படமெடுக்கும் கனவு பலருக்கு உண்டு. அது 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவின் எல்லை 40 மீட்டர். அங்கே போக இரட்டைச் சிலிண்டரும், நிறுத்தி நிறுத்தி மேலேறும் முறையும், பல நிலைத் தொழில்நுட்பப் பயிற்சியும் வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள எந்தக் கருவியும் அதற்குப் போதாது.

மூன்றாம் படி: உடலைத் தொடும் கருவிகளைச் சொந்தமாக்குங்கள்

சொந்தமாக வாங்க வேண்டிய முதல் பொருள் மாஸ்க். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டியே நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. உள்ளே இடம் குறைவாக உள்ள மாஸ்க்கில் நீரை வெளியேற்றுவது எளிது. ஓரம் ஊடுருவித் தெரியும் சிலிக்கோனைவிடக் கறுப்பு சிலிக்கோனையே படம் எடுப்பவர்கள் விரும்புகிறார்கள். பக்கவாட்டு ஒளி உள்ளே நுழைந்து கண்ணைக் கூசச் செய்யாது. கண்ணாடி அணிபவர்கள் பார்வைக்கேற்ற லென்ஸ் பொருத்தலாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். தூரப் பார்வை நன்றாக இருக்கும். ஆனால் கேமராத் திரையில் படம் தெளிவாக விழுந்ததா என்பது தெரியாது. அருகில் உள்ளதைப் படிக்க உதவும் சிறு லென்ஸைக் கீழ்ப்பாதியில் ஒட்டிக்கொண்டால் போதும். புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். பற்பசையால் பலமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் ஒவ்வொரு டைவிலும் மூடுபனி படியும்.

ஃபின் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. காலுக்குப் பொருந்த வேண்டும். நீருக்குள் தவளை உதையும் பின்னோக்கி நகரும் உதையும் போட வசதியாக, சற்று விறைப்பாக இருக்க வேண்டும். மேலும் கீழுமாக உதைப்பவர் மணலைக் கிளப்பிவிடுவார்; பிறகு அங்கே யாருக்கும் படம் கிடைக்காது.

வெட்சூட்டைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 29 பாகை நீருக்கு எதற்குச் சூட் என்று கேட்கிறார்கள். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நீந்திக்கொண்டே இருப்பவருக்கு 3 மில்லிமீட்டர் சூட் போதும். படம் எடுப்பவரோ ஒரு கடற்சாமந்தியின் முன் பத்து நிமிடம் அசையாமல் கிடப்பார். உடல் தானாகச் சூடாவதில்லை. ஒரு மணி நேர டைவ், ஒரு நாளில் மூன்று டைவ் என்று திட்டமிடுபவர் 5 மில்லிமீட்டர் சூட்டோ, 3 மில்லிமீட்டர் சூட்டுக்கு உள்ளே தலைமூடியுடன் கூடிய மெல்லிய வெஸ்ட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. குளிரத் தொடங்கினால் மூச்சு வேகமாகும், கை நடுங்கும், கவனம் சிதறும்.

நான்காம் படி: டைவ் கம்ப்யூட்டர்

மாஸ்க்குக்கு அடுத்து என் பணத்தை இதற்குத்தான் கொடுப்பேன். வழிகாட்டியின் கம்ப்யூட்டரை நம்பிப் போவது தவறு. நீங்கள் அவரைவிட இரண்டு மீட்டர் கீழே, ஒரு நண்டைப் படமெடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். உங்கள் உடலில் சேர்ந்த நைட்ரஜன் வேறு, அவருடையது வேறு. பயண நாள்கள் முழுவதும் ஒரே கம்ப்யூட்டரை ஒருவரே கட்டியிருக்க வேண்டும்.

தேவையானவை: நைட்ராக்ஸ் வசதி, கேமராவிலிருந்து கண்ணை ஒரு நொடி திருப்பினாலும் படிக்கத்தக்க பெரிய எண்கள், மேலேறும் வேகத்தைக் காட்டும் எச்சரிக்கை, கணக்கில் சேர்க்கும் பாதுகாப்பு இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி. சிலிண்டர் அழுத்தத்தை மணிக்கட்டிலேயே காட்டும் டிரான்ஸ்மிட்டர் இருந்தால் இரண்டு கையும் கேமராவில் இருப்பவருக்கு மிகுந்த வசதி. அது இல்லையென்றாலும் குறையில்லை. அழுத்தமானியை எடுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். மின்கலத்தை நீங்களே மாற்றிக்கொள்ளக்கூடியதா, சார்ஜ் ஏற்றுவதா என்பதையும் பாருங்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் தீவில் அந்த வேறுபாடு தெரியும்.

ஐந்தாம் படி: ரெகுலேட்டர், பிசிடி, எடை

ரெகுலேட்டரில் தேட வேண்டியது ஒரு பண்பு: ஆழத்திலும், சிலிண்டர் காலியாகும் நேரத்திலும் மூச்சு இழுப்பதில் மாற்றம் தெரியக் கூடாது. பேலன்ஸ்டு வகை முதல் நிலை, அதாவது சிலிண்டரோடு இணையும் பகுதி, இதைத் தரும். வால்வுக்குள் திருகிப் பொருத்தும் டிஐஎன் இணைப்பு உறுதியானது. ஆனால் நம் பகுதி மையங்களில் வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் யோக் வகை வால்வும் நிறைய உண்டு. டிஐஎன் வாங்கி, யோக் அடாப்டரையும் பையில் வைத்திருங்கள். எந்த நிறுவனம் என்பதைவிட, ஆண்டுதோறும் பிரித்துச் சரிபார்த்துத் தருபவரும் உதிரிப் பொருளும் உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் உண்டா என்பதே முக்கியம். சென்னையில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ஒரே மாதிரியை வாங்க வேண்டியதில்லை.

பிசிடி என்பது காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் அங்கி. அதில் இரண்டு வகை. பயிற்சியில் நீங்கள் அணிந்தது ஜாக்கெட் வகையாக இருந்திருக்கும். காற்று இடுப்பைச் சுற்றியும் நிரம்பும். மேற்பரப்பில் நிமிர்ந்து நிற்க அது வசதி. காற்றுப்பை முழுவதும் முதுகில் இருக்கும் வகை, அதாவது விங், நீருக்குள் உடலைக் கிடைமட்டமாக வைக்கிறது. படம் எடுப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது இரண்டாவது வகையை. கிடைமட்டமாகக் கிடப்பவரின் கால் பவளத்தில் இடிக்காது; கண்ணும் கேமராவும் பாறையின் மட்டத்துக்கு இயல்பாக வரும். தோள்பட்டையில் குறைந்தது இரண்டு உலோக டி-வளையங்கள் இருக்க வேண்டும். கேமராவை மாட்டிவிட்டு இரண்டு கையையும் விடுவித்துக்கொள்ள அவை வேண்டும்.

அடுத்தது எடை. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பணம் செலவழிக்காமல் படங்களைத் தெளிவாக்கும் இடம் இதுதான். பயிற்சி நாள்களில் சீக்கிரம் மூழ்கட்டும் என்று பயிற்சியாளர் ஈயக் கட்டிகளைக் கூடுதலாகவே மாட்டிவிடுவார். அந்த எண்ணிக்கையையே பலர் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். தேவைக்கு மிஞ்சிய ஒவ்வொரு கிலோவுக்கும் பிசிடியில் ஒரு லிட்டர் காற்றைச் சேர்க்க வேண்டும். அந்தக் காற்று ஒவ்வொரு அரை மீட்டர் ஏற்ற இறக்கத்துக்கும் விரிந்து சுருங்கி உங்களை மேலும் கீழும் இழுக்கும். அப்படி அலைபவரால் ஒரு கைப்பிடி அகலமுள்ள உயிரைப் படமெடுக்க முடியாது.

சரியான எடையைக் கண்டுபிடிக்கும் முறை இது. டைவின் முடிவில், சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில் பிசிடிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். இயல்பாக மூச்சு விட்டபடி மூன்று நிமிடம் அதே மட்டத்தில் நிற்க முடிந்தால் எடை சரி. கீழே போனால் ஒரு கிலோ குறையுங்கள். இந்தச் சோதனையை முடிவில் செய்யக் காரணம், முழுச் சிலிண்டரில் உள்ள காற்றுக்கே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை உண்டு. அது செலவானதும் அலுமினிய சிலிண்டர் மிதக்கத் தொடங்கும். எஃகு சிலிண்டர் காலியானாலும் பெரும்பாலும் மிதக்காது. ஆகவே எஃகுக்கு மாறும்போது ஈயத்தில் இரண்டு கிலோ வரை குறைக்க வேண்டியிருக்கும். கேமரா வந்த பிறகும், சூட் மாறிய பிறகும் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கால் தொங்குகிறதா, தலை தாழ்கிறதா என்று நண்பரைப் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். கால் தொங்கினால் இடுப்பு ஈயத்தில் ஒரு கட்டியைச் சிலிண்டர் வாருக்கு, தோளின் பக்கமாக மாற்றுங்கள்.

ஆறாம் படி: தொலைந்துபோகாமல் இருக்க

படம் எடுப்பவர்கள் கூட்டத்திலிருந்து பின்தங்குவார்கள். அது இந்த வேலையின் இயல்பு. அதற்கான ஏற்பாடு பையில் இருக்க வேண்டும்: கீழிருந்தே மேலே அனுப்பக்கூடிய ஆரஞ்சு நிற அடையாள மிதவை, 30 மீட்டர் கயிறு சுற்றிய ஸ்பூல், விசில், சிறு கத்தரி, ஒரு டார்ச். அந்தமானிலும் திருகோணமலையிலும் நீரோட்டம் சில நாள்களில் வலுவாக இருக்கும். அலைகளுக்கு நடுவே ஒரு தலையைப் படகிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். மிதவையை அனுப்பும் பயிற்சியை அமைதியான நீரில் பலமுறை செய்து பழகுங்கள். கயிறு கையிலோ பிசிடியிலோ சிக்கினால் மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுத்துவிடும்.

ஏழாம் படி: இப்போது கேமரா

தயாராகிவிட்டீர்களா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 5 மீட்டரில் மூன்று நிமிடம், கையை அசைக்காமல், கம்ப்யூட்டர் காட்டும் ஆழம் அரை மீட்டருக்கு மேல் மாறாமல் நிற்க வேண்டும். அதே நேரத்தில் சிலேட்டில் உங்கள் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டும். முடிந்தால் கேமராவை எடுங்கள்.

எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது நீரின் இயல்பு. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. 5 மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கி, 10 மீட்டரில் பழுப்பாகிவிடும். அதற்குக் கீழே எல்லாம் நீலம் அல்லது பச்சை. ஒளி பயணம் செய்யும் முழுத் தூரமும் இங்கே கணக்கு. 10 மீட்டர் ஆழத்தில், உங்களிடமிருந்து 2 மீட்டர் தள்ளி உள்ள மீனைச் சூரிய ஒளியில் எடுத்தால் ஒளி 12 மீட்டர் நீரைக் கடந்து லென்ஸுக்கு வருகிறது. ஃபிளாஷ் வைத்தால் போக 2, வர 2 என நான்கே மீட்டர். அரை மீட்டருக்கு நெருங்கினால் ஒரு மீட்டர். வண்ணமும் தெளிவும் வேண்டுமென்றால் நெருங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் ஓயாமல் சொல்வதன் காரணம் இதுதான். ஜூம் செய்வது நெருங்குவதற்கு ஈடாகாது. நடுவில் உள்ள நீர் அப்படியேதான் இருக்கும்.

ஆகவே கடலடியில் பயன்படுவது இரண்டு வகை லென்ஸ்கள்தாம். சிறு உயிர்களுக்கு மேக்ரோ. பாறை, திருக்கை, மூழ்கிய கப்பல் போன்றவற்றுக்கு மிக அகன்ற கோணம். புதுச்சேரிப் பக்கத்து நீர் பல நாள்களில் பச்சையாகவும் கலங்கலாகவும் இருக்கும். அங்கே மேக்ரோவை நம்பிப் போங்கள். அந்தமானில் தெளிந்த நாள்களில் அகன்ற கோணம் பலன் தரும். நீர் ஒளியை வளைப்பதால் தட்டைக் கண்ணாடி முகப்பு வழியே பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மேக்ரோவுக்கு அது நன்மை. அகன்ற கோணத்துக்குக் குவிந்த டோம் முகப்பு வேண்டும்.

முதல் கேமராவாக மூன்று வழிகள் உண்டு. வீடியோ மட்டும் போதும் என்பவருக்கு கோப்ரோ போன்ற ஆக்ஷன் கேமரா. உறையில்லாமல் 10 மீட்டர், டைவ் உறையோடு 60 மீட்டர் தாங்கும். நிழற்படம் கற்க விரும்புபவருக்கு ஒலிம்பஸ் டிஜி-6 அல்லது அதன் வழிவந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7 நல்ல தொடக்கம். தன்னளவில் 15 மீட்டர் தாங்கும். அதற்கென்ற உறையோடு 45 மீட்டர். லென்ஸுக்கு ஒரு சென்டிமீட்டர் அருகில் உள்ளதைக்கூடப் பிடிக்கும். கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பும் தரும். நீல ஒளியில் எடுத்த படத்தின் நிறத்தைப் பின்னால் நன்றாகத் திருத்த ரா இல்லாமல் கடினம். முழு மேனுவல் முறை அதில் இல்லை என்பது ஒரு குறை. மூன்றாவது, மிரர்லெஸ் கேமரா. உடல், உறை, முகப்பு, லென்ஸ், விளக்கு என ஒவ்வொன்றும் தனித்தனிச் செலவு; பல மாதிரிகளில் கேமராவைவிட உறையின் விலை அதிகம். வீட்டில் ஏற்கெனவே மிரர்லெஸ் இருந்தால்கூட, அதற்கு உறை வாங்குமுன் ஒரு சீசனைச் சிறிய கேமராவோடு கழிக்கலாம் என்பது என் யோசனை.

பட்ஜெட்டைப் பிரிக்கும்போது விளக்குக்கு முதலில் ஒதுக்குங்கள். சாதாரண கேமராவும் நல்ல ஸ்ட்ரோபும் (கேமராவுக்கு வெளியே பொருத்தும் கடலடி ஃபிளாஷ்) சேர்ந்து தரும் படத்தை, விலையுயர்ந்த கேமரா ஸ்ட்ரோப் இல்லாமல் தராது. ஸ்ட்ரோபின் ஒளி நொடியின் மிகச் சிறு பங்கு நேரமே மின்னுவதால் உங்கள் அசைவும் மீனின் அசைவும் உறைந்து நிற்கும். தொடர்ந்து எரியும் வீடியோ விளக்கு படம் எடுக்கவும் உதவும், ஆனால் வலு போதாது. இறால், நண்டு போன்றவை பின்வாங்கவும் செய்யும். தொடக்கத்தில் ஒரு ஸ்ட்ரோப் போதும், மேக்ரோவுக்கு அதுவே தாராளம். கேமராவின் சொந்த ஃபிளாஷை ஒளியிழை வழியாகக் கொண்டுபோய் ஸ்ட்ரோபைத் தூண்டும் முறை எளிதானது. உறையில் மின்கம்பிக்கெனத் துளை போட வேண்டியதில்லை.

ஸ்ட்ரோபை லென்ஸுக்கு அருகில் வைத்தால் நடுவில் மிதக்கும் துகள்கள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஸ்ட்ரோபைத் தாங்கும் கைகளை நீட்டிப் பக்கவாட்டில், உறையின் பின்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் தள்ளி, ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் பொருளைத் தொடும்படி வையுங்கள். கலங்கிய நீரில் படம் எடுப்பதில் பாதித் திறமை இந்தக் கோணத்தில் இருக்கிறது.

எட்டாம் படி: உறையும் ஓ-ரிங்கும்

பாலிகார்பனேட் உறை விலை குறைவு; உள்ளே ஆவி படியும் வாய்ப்பு சற்று அதிகம். அலுமினிய உறை உறுதியானது, கனமானது, விலை பல மடங்கு. எதுவானாலும் கேமராவைக் காப்பது ஓ-ரிங் என்னும் ஒரு மெல்லிய ரப்பர் வளையம்தான். ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள், துண்டிலிருந்து விழுந்த ஒரு நூல் போதும், கடல் உள்ளே வந்துவிடும்.

முந்தைய இரவே, ஏசி அறையில், கை கழுவி உலர்ந்த பிறகு உறையைத் தயார் செய்யுங்கள். ஏசி அறையின் காற்றில் ஈரம் குறைவு. உள்ளே ஆவி படியாமல் இருக்க அது உதவும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் வையுங்கள். ஓ-ரிங்கை உலோக ஊசியால் கிளப்பாமல் விரலால் எடுத்து, ஒளியில் பிடித்துச் சுற்றிப் பார்த்து, பள்ளத்தையும் துடையுங்கள். கிரீஸ் மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும். நீரைத் தடுப்பது கிரீஸ் அல்ல, ரப்பர். அதிகம் பூசினால் தூசைத்தான் பிடிக்கும். உறையோடு வந்த கிரீஸையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் சில வகை ரப்பர், வேறு கிரீஸ் பட்டால் உப்பிவிடும். உள்காற்றை உறிஞ்சிக் கசிவைக் காட்டும் வேக்குவம் கருவி பொருத்த முடிந்தால் தவறாமல் பொருத்துங்கள். நீரில் இறங்கும் முன்பே பதில் தெரிந்துவிடும்.

புதிய உறையின் முதல் டைவில் உள்ளே கேமரா வேண்டாம். வெறும் உறையில் ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்து இறக்கிப் பாருங்கள். பிறகும் ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு மூன்று மீட்டரில் நின்று குமிழி வருகிறதா என்று பாருங்கள். அழுத்தம் கூடக் கூட ஓ-ரிங் இறுகும் என்பதால் கசிவு தென்படுவது பெரும்பாலும் இந்த மேல்மட்டத்தில்தான். நீர் புகுந்தது தெரிந்தால் லென்ஸைக் கீழ்நோக்கித் திருப்பி, வழக்கமான வேகத்தில் மேலே வாருங்கள். எந்தக் கேமராவுக்காகவும் நிமிடத்துக்கு 9 மீட்டரைவிட வேகமாக ஏறக் கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்தையும் விடக் கூடாது.

நீருக்குள் நடந்துகொள்ளும் முறை

கேமராவோடு படகிலிருந்து குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகு படகில் உள்ளவர் கையில் கொடுக்கட்டும். சுருள் கயிற்றால் டி-வளையத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளையும் எடுத்து முடித்ததும் மூன்றைப் பாருங்கள்: அழுத்தம், ஆழம், துணை டைவர். இதைப் பழக்கமாக்காதவரை கேமரா உங்களுக்கு ஆபத்தான பொருள். வழிகாட்டியிடமும் படம் எடுக்கப் போவதை முன்பே சொல்லுங்கள். படம் எடுப்பவர்களைத் தனிக் குழுவாக அனுப்பச் சம்மதிக்கும் மையங்கள் உண்டு.

பவளத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பிடித்த இடத்தில் அந்தப் பவளத்தின் உயிர்ச்சதை நசுங்குகிறது. பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் போய்விடும். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களையும் கடற்குதிரைகளையும் பாதுகாக்கிறது, சேதப்படுத்துவது குற்றம். உயிரை இடம் மாற்றி வைத்து எடுக்கும் படமும் வேண்டாம். கையை மடக்கி, மூச்சாலேயே உயரத்தைச் சரிசெய்து, நெருங்கிப் போய்க் காத்திருங்கள். பயந்து ஒளிந்த மீன் பெரும்பாலும் திரும்பி வரும்.

டைவுக்குப் பின், திரும்பும் வழியில்

நல்ல நீரில் உறையை அரை மணி நேரம் ஊறவைத்து, நீருக்குள்ளேயே எல்லாப் பொத்தான்களையும் பலமுறை அழுத்துங்கள். உப்பு காய்ந்து படிகமானால் பொத்தான் அச்சில் உள்ள சிறு ஓ-ரிங் கிழியும். எல்லோருடைய கருவிகளும் இடித்துக்கொண்டு கிடக்கும் பொதுத் தொட்டியில் கேமராவைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

கடைசி நாளை டைவ் இல்லாமல் ஒதுக்குங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் பரிந்துரை. பல மையங்கள் 24 மணி நேரம் என்று சொல்கின்றன. கருவிகள் நிழலில் காய அந்த ஒரு நாள் சரியாக இருக்கும். இந்திய உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. பிசிடி, ஃபின், சூட் ஆகியவற்றைப் பெட்டியில் போடுங்கள். ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், கேமரா கைப்பையில் வரட்டும். லித்தியம் மின்கலங்களைக் கருவியிலிருந்து கழற்றி, முனைகளை டேப்பால் மூடிக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோக வேண்டும். ஒரு மின்கலம் 100 வாட்-மணிக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்க வேண்டும். உறையின் பெரிய ஓ-ரிங்கைக் கழற்றித் தனிப் பையில் போட்டுவிட்டு உறையை மூடுங்கள். காற்றுப்புகாமல் மூடிய உறை, அழுத்த வேறுபாட்டால் இறுகிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்ததும் திறக்க மறுக்கும்.